அம்மாட சாறியில இருந்து தொடங்கு

குடும்பப் படம் எடுக்கப் போறம் எண்டு முடிவான அண்டைக்கே எல்லாரும் செய்யிற வேலை ஒண்டு இருக்கு. காத்தான்குடிக்குப் போய், ஒரே நீலத்தில அப்பாவுக்குச் சேர்ட், அண்ணனுக்குச் சேர்ட், மருமகனுக்குச் சேர்ட், சின்னவளுக்குச் சட்டை எண்டு எல்லாத்தையும் ஒரே பில்லில வாங்கிக்கொண்டு வாறது. படம் வந்து பாத்தா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில நீல இல்லம் வரிசையா நிக்கிற மாதிரி இருக்கும். அதுக்குள்ள அம்மா மட்டும் வேற ஆரோ. அந்த நீலத்தில அவவுக்குச் சாறி கிடைக்கல்ல. கிடைச்சாலும் அவ உடுக்க மாட்டா.

என்னட்டக் கேட்டா, தங்கச்சி, மற்றப் பக்கமாத் தொடங்கச் சொல்லுவன். வீட்டில மாத்த ஏலாத ஆள் ஆரு எண்டு முதல்ல பாரு. கனக்க வீட்டில அது அம்மா, இல்லாட்டி அம்மம்மா. சில வீட்டில எதைப் போட்டாலும் கழட்டி எறியிற ரெண்டு வயசுப் புள்ள. அந்த ஆளுக்கு எது வசதியோ, எதை உடுத்தா அவ நிமிந்து நிப்பாவோ, அந்த உடுப்பை முதல்ல எடுத்துப் பாயில விரி. மற்ற ஆக்கள்ர உடுப்பெல்லாம் அதுக்குப் பக்கத்தில ஒவ்வொண்டா வந்து சேரட்டும்.

அம்மா எடுத்துத் தந்தது மெரூன் கரை போட்ட சந்தன நிறச் சாறி எண்டு வச்சுக்கொள். கரையை உத்துப் பாத்தா அதுக்குள்ள மங்கலான பச்சை நூல் ஒண்டு ஓடும். உடல், கரை, நூல்: மூண்டு நிறம் உன்ர கையில இருக்கு, வெளியில போய்த் தேடத் தேவையில்ல. அப்பாவுக்கு வேட்டியும் சந்தனத்துக்குக் கிட்டின சேர்ட்டும். மெரூன் முழுசா மூத்தவளுக்கு மட்டும். மற்ற ஆளில அது ஒரு சால்வையாவோ சின்னவள்ர தலைப்பட்டியாவோ வந்தாக் காணும். பச்சை நூல் பேரனுக்கு. மருமகனுக்கு ஒண்டுமில்லாத சாம்பல். ஒரு கடும் நிறத்தை ரெண்டு பெரிய ஆள் முழுசாப் போட்டா, படம் பாக்கிற கண் அந்த ரெண்டு பேருக்கும் நடுவில ஓடிக்கொண்டே இருக்கும், மற்ற முகங்களில தங்காது. பூப்போட்டது, கோடுபோட்டது எல்லாம் ஒருத்தருக்கோ ரெண்டு பேருக்கோதான். அந்த ரெண்டு பேரையும் பக்கத்தில பக்கத்தில நிப்பாட்டாத.

இனி நான் சொல்லுறதைக் கொஞ்சம் கவனமாக் கேளு. எங்கட பக்கத்தில யுத்தத்திலயும் கடலிலயும் புருசனைப் பறிகுடுத்த அம்மாமார் கனபேர். வெள்ளை, சாம்பல், மங்கின நிறம் தவிர வேற உடுக்க மாட்டன் எண்டு இருக்கிறவங்களும் அதுக்குள்ள இருக்காங்க. படம் எடுக்கிற நாளில பொண்ணுகள் ரெண்டு விதமாத்தான் நடக்கிறது. ஒண்டு, "இண்டைக்கு ஒரு நாளைக்கு இந்த ரோஸ் சாறியை உடுங்களன் அம்மா" எண்டு வற்புறுத்தி, அவ கூனிக் குறுகி நிக்க எடுக்கிறது. மற்றது, "நான் ஓரமா நிக்கிறன் மகள்" எண்டு அவ சொல்ல, சரியெண்டு விடுறது. ரெண்டும் வேண்டாம். முழுக் குடும்பத்தையும் அவட நிறத்துக்குக் கொண்டு வா. அவ வெள்ளையெண்டா நீங்கள் எல்லாரும் பால் நிறம், சந்தனம், மண் நிறம், லேசான சாம்பல் எண்டு வாங்க. அம்மாவைக் கதிரையில நடுவில இருத்து. அப்ப அந்தப் படத்தில அவட சாறி துக்கத்து உடுப்பாத் தெரியாது, குடும்பத்துக்கே அவதான் அந்த நிறத்தைக் குடுத்தவ மாதிரி இருக்கும். வடிவெண்டாலும் அதுதான் வடிவு. கடும் நிறத்தைவிட இந்த மெல்லிய நிறங்கள் சுவரில மாட்டி வருசக் கணக்காப் பாத்தாலும் சலிக்காது எண்டது என்ர எண்ணம்.

நிறம் தனியா நிக்கிறதில்ல, பக்கத்து நிறத்தோட சேந்துதான் கண்ணுக்கு வரும். இதை ஒழுங்காக் கண்டு எழுதினவர் ஒரு சாயப்பட்டறைக்காரர். பாரிஸில கோபெலின்ஸ் எண்ட நெசவுச்சாலையில சாயப் பகுதிக்குப் பொறுப்பா இருந்த செவ்ரல். கறுப்பு நூல் கறுப்பா நிக்கிதில்ல எண்டு அவரிட்ட முறைப்பாடு வந்திருக்கு. பாத்தா, சாயத்தில பிழையே இல்ல. பக்கத்தில நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கவச்சது. 1839இல அதைப் பத்திப் பெரிய புத்தகமே போட்டார். உனக்கு அதில தேவையானது இவ்வளவுதான்: கடும் பச்சைக்குப் பக்கத்தில சிவப்பை நிப்பாட்டினா ரெண்டும் சேந்து கத்தும். நடுவில சந்தனமோ சாம்பலோ போட்ட ஒருத்தரை நிப்பாட்டு. உடுப்பை மாத்தவே தேவையில்ல, நிக்கிற இடத்தை மாத்தினாக் காணும்.

கடைக்குப் போறதெண்டா அம்மாட சாறியையும் பையில கொண்டு போ. போனில எடுத்த படத்தைக் காட்டி நிறம் பொருத்தினா கட்டாயம் பிசகும். காத்தான்குடிப் புடவைக் கடைகளுக்குள்ள இருக்கிற லைட் வெளிச்சம் ஒரு நிறத்தைக் காட்டும், வெயில் வேற நிறத்தைக் காட்டும். துணியைத் தூக்கிக்கொண்டு, பேரீச்சை நிக்கிற அந்த மெயின் வீதிப் பக்கம் வாசலுக்கு வந்து பாரு. முதலாளி முகத்தைச் சுழிச்சா சுழிக்கட்டும்.

ஒரே துணியில எல்லாரும் உடுக்கத்தான் வேணும் எண்டு ஆசையெண்டா அதுக்கும் வழி இருக்கு. நைஜீரியாவில யொருபா ஆக்கள் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் குடும்பமா ஒரே துணி எடுப்பாங்க, 'அசோ எபி' எண்டு அதுக்குப் பேர். துணிதான் ஒண்டு, தையல் ஆளுக்கு ஆள் வேற. ஒருத்தி நீளச் சட்டை, ஒருத்தி தலைக்கட்டு, ஆம்பிளைக்குத் தொப்பி. அதால ஆளாளுக்கு முகம் இருக்கும். எங்களுக்குக் கல்முனை றோட்டில மருதமுனை இருக்கு. கைத்தறிக்குப் பேர்போன ஊர். சாறியும் நெய்யிறாங்க, சாரமும் நெய்யிறாங்க. ஒரே நூல் நிறத்தில அம்மாவுக்குச் சாறி, அப்பாவுக்குச் சாரம், பொடியனுக்குச் சேர்ட்டுத் துணி எண்டு கேட்டு எடுத்தா, நீல இல்லம் மாதிரி வராது. சொல்லி நெய்யவைக்கிறதெண்டா நாள் எடுக்கும், கடைசிக் கிழமையில ஓடாத.

இனி இடம். எங்கட கல்லடியில இடத்துக்குப் பஞ்சமில்ல. ஆனா எந்த இடமெண்டு முடிவெடுத்த பிறகுதான் மற்ற ஆக்கள்ர உடுப்பை முடிவெடுக்க வேணும், இங்க எல்லாரும் அதை மாறிச் செய்யிறாங்க. எங்களுக்குக் கடல் கிழக்கில, சூரியன் கடலுக்குள்ளால வரும். விடிய ஆறு மணிக்கு முன்னப் பின்ன நிண்டா மஞ்சள் வெளிச்சம் நேரா முகத்தில விழும். அந்த வெளிச்சத்துக்கு மெரூன், கடும் பச்சை, கடுகு மஞ்சள் எல்லாம் நல்லா எடுபடும். ஏழரை தாண்டினா எல்லாரும் கண்ணைச் சுருக்கத் தொடங்கிடுவாங்க. பின்னேரத்தில கடற்கரை வேற மாதிரி. வெயில் ஊர்ப்பக்கம் சாய்ஞ்சிடும், கடலும் வானமும் அமைதியா இருக்கும், கண் கூசாது. சின்னப் புள்ளைகள் இருந்தா நான் பின்னேரத்தைத்தான் சொல்லுவன். நீல உடுப்பு மட்டும் கடலோட கரைஞ்சு போகும், கவனம். வாவிப் பக்கம் பின்னேரம் எடுத்தா சூரியன் ஆக்களுக்குப் பின்னால விழும். அப்ப கறுப்பு, கடும் நீலம் எல்லாம் ஒரே கட்டியா இருண்டு போகும், ஆரு கை ஆரு தோள் எண்டு தெரியாது. மெல்லிய நிறம், மெல்லிய துணி, ஓரத்தில வெளிச்சம் ஊடுருவுற முந்தானை எண்டு வாவிக்குத் தனியா யோசி. கண்டல் மரத்துக்கு முன்னால பச்சை வேண்டாம் எண்டு சொல்லவும் வேணுமா?

கடற்கரைதான் எண்டு முடிவெடுக்க முதல் அம்மாவிட்ட ஒரு சொல் கேளு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலுக்கு முதுகைக் காட்டி நிக்க ஏலாத ஆக்கள் நாவலடியிலயும் திருச்செந்தூர்ப் பக்கத்திலயும் இருக்காங்க. வாய் திறந்து சொல்ல மாட்டாங்க, படத்தில முகம் சொல்லும். அப்படியெண்டா வீட்டு முத்தம் இருக்கு, வாவிக்கரை இருக்கு. வெள்ளையடிச்ச மதிலுக்கு முன்னால, மாமர நிழலில எடுத்த படத்துக்கு என்ன குறை?

காத்தை மறந்திடாத. மே மாசத்தில இருந்து ஓகஸ்ட் மட்டும் கச்சான் காத்து அடிக்கும், வெளிநாட்டு ஆக்கள் லீவுக்கு வாறதும் அந்த நேரந்தான். ஜோர்ஜட், சிபோன் சாறியெல்லாம் கச்சானுக்கு நிக்காது. கைத்தறியும் கொஞ்சம் பாரமான பட்டும் நிக்கும். கொசுவத்துக்கு உள்பக்கமா ஒரு ஊசி, தோளில ரெண்டு. பஞ்சாபியோட போடுற சால் பறந்துகொண்டே இருந்தா, அதிர ஓரத்துக்குள்ள வலைக்குக் கட்டுற சின்ன ஈயத்தை வச்சுத் தைச்சுவிடு. இங்கிலாந்து மகாராணிட உடுப்பின்ர கரைக்கும் காத்துக்குப் பறக்காம பாரம் வச்சுத்தான் தைச்சாங்களாம், எங்களுக்கு மீன்பிடிச் சாமான் கடையில கிடைக்குது, பிறகென்ன? கைப்புள்ளைட உடுப்பில மட்டும் ஈயம் வைக்காத, அது வாயில வைக்கும், நஞ்சு. ஒக்டோபர் கடைசியில இருந்து தை மட்டும் மழை. அந்த மாசங்களில திகதியை ஒண்டு வச்சிராத, ரெண்டு வச்சிரு.

வேர்வை பொம்பிளையளைவிட ஆம்பிளையளுக்குத்தான் படத்தில தெரியும். சாம்பலும் இள நீலமும் அக்குளில நனைஞ்சா உடன காட்டிக் குடுக்கும். வெள்ளையும் கடும் நீலமும் காட்டாது. உள்ள ஒரு பெனியன் போடச் சொல்லு. சேர்ட் பொக்கற்றுக்குள்ள போனும் திறப்பும் இருக்கக்கூடாது. வெயிலுக்குக் கறுக்கிற கண்ணாடி போடுறவர் இருந்தா அவரைக் கடைசி மட்டும் நிழலில வச்சிரு.

நெருக்கமான சின்னக் கோடு, சின்னக் கட்டம் போட்ட சேர்ட்டை வேண்டாம் எண்டு சொல்லு. கமராவுக்குள்ள அந்தக் கோடும் கமராட உள் அமைப்பும் மோதி, துணியில இல்லாத அலை அலையான நிறம் வரும். பிறகு அதை அழிக்கிறது பெரும்பாடு. பெரிய கட்டம் பிரச்சினையில்ல.

வெள்ளையைப் பத்தி இன்னொண்டு. எங்கட கறுப்புத் தோலுக்குப் பக்கத்தில பளீரெண்ட புது வெள்ளை வந்தா, கமரா வெள்ளையைக் காப்பாத்தப் பாத்து முகத்தை இருட்டாக்கிப்போடும். பால் நிறமோ கொறா வெள்ளையோ எடு. கமராக்காரத் தம்பியிட்டயும் "அம்மாட முகத்துக்கு வெளிச்சத்தைப் பாத்து வை, உடுப்புக்கு இல்ல" எண்டு சொல்லிவிடு. இதுக்குப் பழைய கதை ஒண்டு இருக்கு. கொடாக் கொம்பனி படம் கழுவுற இடங்களுக்கு ஒரு அட்டை அனுப்பும், 'ஷெர்லி' அட்டை எண்டு சொல்லுவாங்க. அதில ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளைட படம். அவட தோல் சரியா வந்தா நிறம் சரி எண்டு அர்த்தம். கறுப்புத் தோல் எப்பிடி வருது எண்டு பாக்க ஆளில்ல. மற்ற நிறத்துப் பொம்பிளையளையும் சேத்து அட்டை போட்டது 1990கள் அளவிலதான். எங்கட அம்மாமார்ர பழைய கலியாணப் படங்களில முகத்தில அவ்வளவு பவுடர் இருக்கிறதுக்கு அவங்களை மட்டும் குறை சொல்லாத. இப்பத்தைய கமராவுக்கு அந்தப் பவுடர் தேவையில்ல, முகம் ஒரு நிறம் கழுத்து ஒரு நிறமாத்தான் வரும். எண்ணெய் மினுங்கினா லேஞ்சியால ஒத்து.

சோடியாப் படம் எடுக்கிற புது ஆக்களுக்குச் சுருக்கமாச் சொல்லுறன். ஒருத்தர் பூப்போட்டது எண்டா மற்றவர் பிளேன். ஒரே பிரிண்டில ரெண்டு பேரும் நிண்டா கட்டிப்பிடிச்ச உடன ஆள் தெரியாது, துணிதான் தெரியும். கல்லடிப் பாலம் எண்டா எல்லாருக்கும் 1924இல கட்டின பழைய மானிங் சீமாட்டி பாலந்தான் வேணும். 2013இல திறந்த புதுப் பாலத்தில ஆரு படம் எடுக்கிறா? அந்த இரும்புச் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாப் போகுது, அதுக்கு முன்னால கோடுபோட்ட உடுப்போட நிண்டா கண் நோகும். பிளேன் உடுப்பு, ஒரு கடும் நிறம், காணும். குதி உயர்ந்த சப்பாத்தைக் கையில கொண்டு போ, அதைப் போட்டுக்கொண்டு பாலத்தில நடந்து போகாத. காத்தான்குடியில இருக்கிற என்ர சிநேகிதிமாருக்கு: கறுப்பு அபாயா கஷ்டமில்ல, உண்மையில சுகம். தலைக்குப் போடுற சால்ர நிறத்தை எடுத்து அவருக்குச் சேர்ட்டாவும் புள்ளைக்குச் சட்டையாவும் குடு. கறுப்பு நடுவில நிண்டு ரெண்டு பக்கத்தையும் சேத்துப் பிடிக்கும்.

புள்ளைகளுக்கு நெட் துணிச் சட்டை வேண்டவே வேண்டாம். கழுத்தில குத்தும், அழும், முடிஞ்சுது படம். புது உடுப்பை ஒரு தரம் கழுவி, வீட்டில ஒரு பின்னேரம் போட்டு விளையாட விடு. ஒரு மாத்துடுப்பு அதே நிறத்தில பையில இருக்கட்டும். ஐஸ்கிறீம் எல்லாம் முடிஞ்ச பிறகு.

நகையில நான் பாக்கிறது ஒண்டுதான். தாலிக்கொடி வெளியிலயா உள்ளயா எண்டு பொம்பிளையள் எல்லாரும் ஒரே முடிவுக்கு வாங்க. அக்கா வெளியில விட்டிருக்க தங்கச்சி ஒளிச்சிருந்தா, பத்து வருசம் கழிச்சுப் பாக்கிறவள் அதில இருந்து ஒரு கதை கட்டுவாள்.

எல்லா உடுப்பும் கூடினதும், பாயில நிக்கிற வரிசைப்படி விரிச்சு போனால ஒரு படம் எடு. மறுகா அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையா மாத்திப் பாரு. எல்லாம் ஒரே சாம்பலாத் தெரிஞ்சா ஆளை ஆள் பிரிக்க ஏலாது, ஒருத்தருக்கு வெளிச்சமான உடுப்புக் குடு. ஒண்டு மட்டும் வெள்ளைப் புள்ளியாத் துள்ளிக்கொண்டு நிண்டா, அது அம்மாட எண்டால் விடு, மச்சான்ர எண்டால் மாத்து. இந்த வேலையை ஒரு மாசத்துக்கு முதல் செய். சாறிச் சட்டை தைக்கிற எங்களுக்கு ஆடி ஆவணியில மூச்சு விட நேரமில்ல. மாமாங்கத் திருவிழா ஒரு பக்கம், லீவுக்கு வாற ஆக்கள் மறு பக்கம். முதல் நாள் இரவு துணியைக் கொண்டு வந்து "அக்கா விடியத் தாங்க" எண்டு நிக்கிறவளுக்கு நான் இளக மாட்டன்.

படத்துக்கு வர ஏலாத ஆக்களும் இருக்காங்க. போனவர்ர படத்தை மடியில வச்சு எடுக்கிறதெண்டா, பிரேமில இருந்து கண்ணாடியைக் கழட்டிப்போட்டு எடு. இல்லாட்டி வானமும் கமராக்காரரும் அதுக்குள்ள தெரிவாங்க. பழைய கறுப்பு வெள்ளைப் படமெண்டா, அதை வச்சிருக்கிறவர் பிளேன் உடுப்பு உடுக்கட்டும், அது எடுப்பா நிக்கும். கடல் அல்பங்களைக் கொண்டுபோன வீடுகளில அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பிச்சு வச்சிருப்பாங்க, அது போதும், முகம் அதுதானே. இப்ப எடுக்கிறதைப் பெரிய பைலாக் கேட்டு வாங்கு, வட்ஸ்அப்பில வாறது சுருங்கின படம், பெரிசா அடிக்க ஏலாது. அடிச்ச பிரதியில ஒண்டை வேற ஊரில இருக்கிற சொந்தத்திட்டக் குடுத்து வை.

வெளிநாட்டில இருக்கிற அண்ணன்ர விசா சரிவரல்ல, பிறகு படத்தில அவனைச் சேத்து ஒட்டப் போறீங்க எண்டா, அவனுக்கு இண்டைக்கே சொல்லு. அம்மாட சாறியைப் பகல் வெளிச்சத்தில எடுத்து அனுப்பி, அதுக்குச் சேருற சேர்ட் எடுக்கச் சொல்லு. வெள்ளைச் சுவருக்கு முன்னால, சுவரில முட்டாம ரெண்டடி தள்ளி நிக்கட்டும். யன்னல் வெளிச்சம் எந்தப் பக்கத்தால வரவேணும் எண்டதை இங்கத்தைய கமராக்காரரிட்டக் கேட்டுச் சொல்லு. உங்களுக்கு இடப்பக்கத்தால வெயில், அவனுக்கு வலப்பக்கத்தால எண்டா ஒட்டினது பச்சையாத் தெரியும். போனை அவன்ர நெஞ்சு உயரத்தில வச்சு வேற ஒருத்தர் எடுக்கட்டும், செல்பி சரிவராது. பின்வரிசையில அப்பாவுக்குப் பின்னால அவனுக்கு இடம் விட்டு நில்லுங்க. வேட்டிக்கு எங்க போறது எண்டு கேப்பான். இடுப்புக்குக் கீழ அப்பாட கதிரை மறைச்சிடும், குளிருக்கு என்ன களிசான் போட்டிருந்தாலும் பரவாயில்ல எண்டு சொல்லு.